ஸ்கோர் கணக்கும் சம்பளக் கணக்கும்

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார், இளைஞர்கள் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சங்க அமைப்பாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்கும்போது ஒரு கேள்வி கேட்டோம். கையில் போன் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று. இரண்டு பாட்டிமார் மட்டும் கையைத் தூக்கினார்கள். அதிலும் ஒருவர், "பேத்திகிட்ட இருக்கு, அதுல நாடகம் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டார். ஆகவே இன்றைக்குப் போனைப் பற்றியே பேசுவோம். சம்பளம் பேச வேண்டிய இடத்தில் போன் பேச்சு எதற்கு என்று மூத்த தலைவர்கள் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், சம்பளத்துக்குத்தான் வருகிறோம்.

போன் வந்து பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்ற பேச்சு எல்லா லயத்திலும் இருக்கிறது. நாங்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. முன்பெல்லாம் கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாரோ இரக்கப்பட்டுக் கொண்டுவந்து கொடுக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருக்கும். தந்தி வந்தால் வாசிக்கும் முன்பே ஒப்பாரி தொடங்கிவிடும். இன்றைக்குக் குவைத்தில் வீட்டுவேலை செய்கிற மகள் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டுகிறாள். இளைத்திருக்கிறாளா, அழுதிருக்கிறாளா என்று தாய்க்குப் பார்த்தவுடனே தெரிகிறது. கொரோனா காலத்தில் பாடசாலை பூட்டிக் கிடந்தபோது நமது பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கும் பாறைக்கும் ஏறிப் படித்ததை மறந்துவிட முடியாது. ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள் இருந்தன. அந்தப் போனைக் கெட்டது என்று சொல்ல நமக்கு வாய் வராது.

சரி, அந்தப் போனில் நாம் என்ன பேசுகிறோம்? பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும், பிரட்டுக்குப் போகும் வழியிலும், கடைத் திண்ணையிலும் காதில் விழுவதைச் சொல்கிறோம். யாருடைய டிக்டொக்குக்கு எத்தனை லைக் வந்தது. எந்தப் போனில் பெற்றரி நிற்கும். தங்கம் பவுணுக்கு எவ்வளவு ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலே, நேற்றைய மெச்.

கிரிக்கெட் பேச்சில் நமது ஆட்களை யாரும் வெல்ல முடியாது. சமமான மைதானம் ஒன்று இல்லாத தோட்டங்கள் எத்தனையோ. பந்து தேயிலைக்குள் போனால் தேட அரை மணித்தியாலம். ஆனாலும் ஐபிஎல் தொடங்கினால் லயத்தில் பாதி சென்னை, மீதி மும்பை. கண்டிப் பக்கத்துப் பையன் மதீஷ பத்திரன சென்னை அணிக்குப் பந்து வீசிய வருடங்களில் மும்பைக்காரர்கள்கூடக் கொஞ்சம் இளகிப்போனார்கள். முத்தையா முரளிதரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்டத்து வேலைக்காகத் தென்னிந்தியாவில் இருந்து வந்தவர். பேரன் 2010இல் காலியில், தன் கடைசி டெஸ்டில், 800ஆவது விக்கெட்டை எடுத்தார். அவருடைய அரசியல் கருத்துகளைப் பற்றி லயத்துக்கு லயம் சண்டை வரும். பந்துவீச்சைப் பற்றி வராது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட தம்பி ஒருவர், கவ்வாத்து வெட்டுகிறவர், மெச் பார்க்கும்போது நாங்கள் பக்கத்தில் இருந்தோம். 48 பந்தில் 71 ஓட்டம் வேண்டும். "ஓவருக்கு ஒம்பதுக்குக் கிட்ட, ரெண்டு ஓவர்ல ரெண்டு சிக்ஸ் விழுந்தா சரி" என்று கண் மூடித் திறப்பதற்குள் சொன்னார். கடதாசி இல்லை, பென்சில் இல்லை. அதே தம்பியிடம், போன மாதச் சம்பளத் துண்டில் எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்டோம். "தெரியாது, கையில வந்தத அம்மாகிட்ட குடுத்தேன்" என்றார்.

கணக்கு நமக்கு நன்றாகவே வருகிறது. வேறொருவருடைய கணக்கை ஓவருக்கு ஓவர் பார்க்கிறோம், நமது கணக்கை மாதத்துக்கு ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது இதுதான்.

மடுவத்தில் இருந்து தொடங்குவோம். பல தோட்டங்களில் இப்போது எலெக்ட்ரோனிக் தராசு. எண் பெரிதாக, சிவப்பாகத் தெரிகிறது. பழைய தராசு முள்ளைப் போல எட்டிப் பார்க்கத் தேவையில்லை. நல்லது. ஆனால் தராசு காட்டுவது ஒன்று, புத்தகத்தில் விழுவது ஒன்று. சாக்குக்கு என்று கழிக்கிறார்கள், தண்ணீருக்கு என்று கழிக்கிறார்கள், முற்றல் இலை என்று கழிக்கிறார்கள். ஒரு நிறுவைக்கு 2 கிலோ கழிபடுகிறது என்று வையுங்கள். நாளைக்கு மூன்று நிறுவை என்றால் 6 கிலோ. மாதம் 20 நாள் கொழுந்து எடுத்தால் 120 கிலோ. நோம் எட்டாமல் அரைப் பேர் வாங்கிய அக்காமார், அந்த 6 கிலோ இருந்திருந்தால் அன்றைக்கு முழுப் பேர் வந்திருக்குமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். தராசைப் படம் எடுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையோடு சண்டைக்குப் போங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தராசு காட்டிய எண்ணையும் புத்தகத்தில் எழுதிய எண்ணையும் ஒவ்வொரு நிறுவைக்கும் போனில் குறித்து வையுங்கள். எழுதக் கஷ்டம் என்றால் வொயிஸ் மெசேஜாகச் சொல்லி வையுங்கள். ஒரு மாதக் குறிப்பு கையில் இருந்தால், தலைவர் துரையிடம் போகும்போது "கூடக் கழிக்கிறாங்க" என்று மொட்டையாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது சம்பளத் துண்டு. 2021இல் நாட் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு என்பது உங்களுக்கே தெரியும். 2024இல் 1,350 ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 என்றும், அதற்கு மேல் அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு 200 என்றும் அறிவித்தார்கள். இந்த எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம், டிவியில் வந்தபடியால். டிவியில் வராத எண்கள் சிலவற்றைச் சொல்கிறோம்.

1,550 ரூபாய்ப் பேர் ஒன்றுக்கு, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் கழிபடுவது 8 வீதம், அதாவது 124 ரூபாய். கம்பனி தன் பையில் இருந்து போட வேண்டியது 12 வீதம், 186 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் நாளைக்கு 310. அதற்குப் புறம்பாக ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி 3 வீதம், 46 ரூபாய் 50 சதம் போட வேண்டும். அதற்காக உங்களிடம் ஒரு சதமும் கழிக்கக் கூடாது. 20 நாள் வேலை செய்தால் சேமலாப நிதிக்கு 6,200, நம்பிக்கை நிதிக்கு 930. மாதம் 7,130 ரூபாய் உங்கள் பெயரில் போய்ச் சேர வேண்டும். அரசாங்கத்தின் 200ஐ நாங்கள் இதில் சேர்க்கவில்லை.

போய்ச் சேர்கிறதா? துண்டில் கழித்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். கழிப்பது ஆபீசில், சேர்வது மத்திய வங்கியில். நடுவில் தூரம் இருக்கிறது. ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம், பிந்தினால் தண்டப்பணம். ஆனாலும் ஓய்வு பெற்று பி கார்டைத் தூக்கிக்கொண்டு அலையும்போதுதான், இந்த வருடம் கட்டவில்லை, அந்த வருடம் பெயர் பிழை, அடையாள அட்டை இலக்கம் பிழை என்று தெரியவருகிறது. கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். பெயர் பிழையை இன்றைக்குத் திருத்துவது ஒரு நாள் வேலை. ஐம்பத்தைந்து வயதில் திருத்தப் போனால் எத்தனை பஸ், எத்தனை நாட் பேர் போகும் என்று அவர்களிடம் கேளுங்கள். மத்திய வங்கியில் பதிவு செய்துகொண்டால் சேமலாப நிதி மீதியை இணையத்தில் பார்க்கும் வசதியும் இருக்கிறது. மகளுக்கு டிக்டொக் போடத் தெரியும் என்றால் இதையும் பார்க்கத் தெரியும்.

சேவைக்காலப் பணத்தையும் சொல்லிவிடுகிறோம். ஐந்து வருடம் முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. 25 வருடம் என்றால் 350 நாள். 1,550ஆல் பெருக்குங்கள். யார் முதலில்? ... சரி, பின்னால் இருந்து ஒரு தங்கச்சி சொல்லிவிட்டார். 5,42,500 ரூபாய். இந்தக் கணக்கு தெரியாமல், கொடுத்ததை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்.

இனிக் கடன். இதைப் பேசும்போது தாய்மார் சிலர் தலையைக் குனிகிறார்கள், அது தேவையில்லை. பிள்ளையின் படிப்புக்கும், கூரைத் தகரத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும் வாங்கிய கடன் வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 50,000 ரூபாய் தருகிறார்கள். வருடத்துக்கு 30 வீத வட்டி, கிழமைக்கு 1,250, 52 கிழமை. மொத்தம் 65,000. கேட்கும்போது பரவாயில்லை போல இருக்கும். ஆனால் அந்த 50,000 வருடம் முழுக்க உங்கள் கையில் இருந்ததா? முதல் கிழமையே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஆறு மாதம் போகும்போது பாதிக்குக் கிட்டத் திரும்பிப் போய்விட்டது. வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு 50,000க்கும் ஓடுகிறது. உண்மைக் கணக்குப் போட்டால் அந்த 30 வீதம் 50 வீதத்தைத் தாண்டிவிடும். இது மறைத்து வைத்த கணக்கு இல்லை. கொப்பியிலேயே இருக்கிறது. யாரும் இப்படிச் சொல்லிக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். அதோடு இதைக் குழுக் கடன் என்று கட்டிவிடுகிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேரும் கட்ட வேண்டும். அதனால் கடன் கேட்டு வருகிறவன் சத்தம் போடவே தேவையில்லை, பக்கத்து வீட்டு அக்காவே போடுகிறாள். ஒரே லயத்தில், ஒரே பீலியில், முகம் பார்க்காமல் இருக்கிற பெண்களை நாங்கள் கண்டிருக்கிறோம். 2021 மார்ச்சில் ஹிங்குராங்கொடையில் நுண்நிதிக் கடனுக்கு எதிராகப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கிழமைக் கடன் சிங்களப் பெண்ணுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் ஒரே மாதிரித்தான் கணக்குப் போடுகிறது.

இப்போது அதைவிட வேகமான கடன் போனுக்குள்ளேயே வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் பணம், பிணை தேவையில்லை. அந்த எப்பைப் போடும்போது உங்கள் போனில் இருக்கிற பெயர்ப் பட்டியல் முழுவதையும் பார்க்க அனுமதி கேட்கும். நாமும் ஓகே, ஓகே என்று அழுத்திக்கொண்டே போவோம். ஒரு தவணை பிந்தினால், அந்தப் பட்டியலில் இருக்கிற சம்பந்திக்கும் பாடசாலை ஆசிரியருக்கும் போன் போகும், உங்களைக் கள்ளர் என்று. நீங்கள் கொடுத்த பிணை உங்கள் மானம்தான். பிள்ளைகளின் போனில் அப்படி எதுவும் இருந்தால் திட்டாதீர்கள், சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். திட்டுக்குப் பயந்து ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் டொலரில் வருமானம் என்று வருகிறவர்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஆள் சேர்ப்பதில் இருந்து காசு வருகிறது என்றால் அது பிரமிட். வங்கிச் சட்டத்தின்படி குற்றம். நடத்துகிறவர் மட்டும் இல்லை, சேர்த்துவிடுகிறவரும் மாட்டுவார். மெச்சுக்குப் பெட் பிடிக்கிற எப்பும் அப்படியே. முதல் இரண்டு தடவை வெல்ல வைப்பார்கள். வங்கிக் குறுஞ்செய்தியில் வருகிற ஓடீபீ இலக்கத்தை, அஸ்வெசும ஆபீசில் இருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும், பெரியவர் யாரும் எடுத்துச் சொல்லிவிடாதீர்கள். எந்த வங்கியும் அதைப் போனில் கேட்பதில்லை.

சமூக ஊடகத்தில் எங்களுக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு. அது பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம் இல்லை. ஆடட்டும். வேலை முடிந்து வந்த பிள்ளை பாட்டுக்கு நான்கு அடி வைத்தால் குடி முழுகாது. நமது ஆட்கள் நமது பேச்சிலேயே, லயத்துப் பேச்சிலேயே, வீடியோ போடுவதைப் பார்க்க எங்களுக்குச் சந்தோஷம். முன்பு மேடை நாடகத்தில்கூட நமது பேச்சைக் கேலிக்குத்தான் வைத்திருந்தார்கள். மனத்தாங்கல் வெளியில் இருந்து கெமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றியது. அரிசிப் பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, காம்பராவுக்குள் நேரே நுழைந்து, கிழிந்த பாயையும் ஒழுகும் கூரையையும் படம் எடுத்து, கிழவியை அழச் சொல்லி, அதைப் போட்டு வியூஸ் வாங்குகிறார்கள். உதவி செய்கிறவர்கள் எல்லோரும் அப்படி இல்லை. சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நமக்குத் தெரியும். ஆனால் முகத்தைக் காட்டினால்தான் அரிசி என்றால், அந்த அரிசிக்கு நாம் விலை கொடுத்துவிட்டோம். வீட்டுக்குள் யாரைப் படம் எடுக்க விடுவது என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்க வேண்டும். முக்கியமாகப் பிள்ளைகளின் முகம். கூரை ஒழுகுகிறது என்றால் அந்தப் படத்தை முதலில் நாமே எடுப்போம். எடுத்துத் திகதி போட்டுத் துரைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புவோம். அழத் தேவையில்லாத வீடியோ அது.

தங்கைமாரிடம் தனியாக ஒன்று. உங்கள் படத்தை வைத்துக்கொண்டு யாராவது மிரட்டினால் அது உங்கள் குற்றம் இல்லை. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்று இலக்கங்கள் இருக்கின்றன. அழைக்கத் தயக்கமாக இருந்தால் மாதர் அணித் தலைவியிடம் சொல்லுங்கள், வீட்டுக்குத் தெரிய முன்பு அவர் பேசுவார்.

மழைக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. மண்சரிவு எச்சரிக்கையை தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் தருகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். வட்ஸ்அப்பில் வருகிற "என் மச்சான் சொன்னான்" செய்தியை நூறு பேருக்கு அனுப்புவதற்குப் பதிலாக, அந்த நிறம் என்ன என்று பார்த்து லயத்துக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இனி வேலைக்கு வருவோம். ஒவ்வொரு டிவிசனிலும் கணக்குப் பார்க்கத் தெரிந்த இரண்டு இளைஞர்கள், இரண்டு யுவதிகள் வேண்டும். படித்திருக்கத் தேவையில்லை, ஸ்கோர் சொல்லத் தெரிந்தால் போதும். மேலே சொன்ன கவ்வாத்துத் தம்பியின் பெயரை நாங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டோம், அவருக்கு இன்னும் தெரியாது. இவர்கள் வீடு வீடாகப் போய், விரும்புகிறவர்களுடைய சம்பளத் துண்டுகளைப் பார்த்து, வேலை நாள், பேர், கழிவு, சேமலாப நிதி என்று நான்கு எண்களை ஒரு கொப்பியில் எழுதுவார்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் துண்டில் இருப்பதும் பி கார்டில் இருப்பதும் ஒன்றுதானா என்றும் பார்ப்பார்கள். கடன் விபரத்தைச் சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்தக் கூடாது. யாருடைய கணக்கும் வட்ஸ்அப் குரூப்பில் போகவே கூடாது.

அடுத்த மாதம் முதலாம் ஞாயிறு இதே இடத்தில் கூடுகிறோம். கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டையும், பி கார்டையும், கடன் கொப்பி இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். துண்டு தொலைந்தவர்கள் ஆபீசில் கேளுங்கள். கொடுக்க மாட்டோம் என்றால் அந்தப் பதிலையும் எழுதிக்கொண்டு வாருங்கள். போனைச் சார்ஜ் போட்டுக் கொண்டு வாருங்கள், கல்குலேட்டர் அதிலேயே இருக்கிறது. அன்றைக்குப் பின்னேரம் மெச் இருக்கிறதாம், தம்பிமார் இப்போதே முணுமுணுக்கிறார்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடலாம்.